ஒட்டி நின்றால் செல்போன் திணறுவது ஏன்?

திருவிழாக் கூட்டம். எள் போட்டால் எள் விழாத நெரிசல்.

தாயின் கையைப் பிடித்து வந்த குழந்தையைக் காணோம். பதறிப்போன தாய் கணவருக்குப் போன் செய்கிறாள். செல்போன் கோபுரம் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால் தொடர்பு கிடைக்கவில்லை!

ஆள் அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. எல்லோரும் ஒட்டி ஒட்டி நிற்கிறார்கள்!

பொள்ளாச்சியில் பிறந்தவர்

முன்பு நேரத்தையோ அலைவரிசையையோ கூறு போட்டுத்தான் பலருக்குக் கொடுத்தார்கள்.

கூறு போடாமலே கொடுக்க வழி சொன்னவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். இவர் 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். இந்தியக் கடற்படையில் பணியாற்றிவிட்டு, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்துக்குப் போனார்.

"ஆன்டெனாக்கள் பல இருந்தால், ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்பலாம்" என்பதே அவர் கண்ட வழி. அவருக்கும் தாமஸ் கைலாத் என்பவருக்கும் 1994-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2014-ல் பால்ராஜ் மார்க்கோனி பரிசு பெற்றார்.

இன்று 5-ஜி கோபுரங்களில் 64 வழிகளில் அலை அனுப்பும் பலகைகள்கூட உள்ளன.

அலையின் கைரேகை

எந்த போன் எது என்று கோபுரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒவ்வொரு போனும் கோபுரத்துக்கு ஓர் அடையாள அலையை அனுப்பும். அது சுவரிலும் கட்டடத்திலும் மோதித் திரும்பி, ஒவ்வோர் ஆன்டெனாவிலும் வெவ்வேறு விதமாக வந்து சேரும். அதுவே அந்த போனின் கைரேகை!

அதைப் பார்த்துக் கோபுரம் தன் அலைகளை அளந்து விடும். உரியவர் இருக்கும் இடத்தில் அலைகள் ஒன்று கூடும். மற்றவர் இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும்.

ஒரே சாயல்

கோபுரமோ உயரத்தில் இருக்கிறது. வெட்டவெளியில் மோதித் திரும்பச் சுவர்களும் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவரின் அலைகள் ஒரே திசையில் வருகின்றன. கைரேகையும் ஏறக்குறைய ஒன்றாகி விடுகிறது!

அப்போது ஒருவருக்கு அனுப்பியது மற்றவரிடமும் போய் இடைஞ்சல் செய்யும். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். வலுக்கட்டாயமாகப் பிரித்தால் சக்தி வீணாகி, இருவருக்குமே அலை மெலிந்து விடும்.

இரட்டையருக்குத் தனி வகுப்பு

அச்சு அசலாக ஒரே முகமுள்ள இரட்டையரை ஆசிரியர் என்ன செய்வார்? வேறு வேறு வகுப்பில் உட்கார வைப்பார். கோபுரமும் அதையே செய்கிறது!

கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர், தெற்கே ஒருவர் எனச் சாயல் வேறானவர்களை ஒரே நேரத்தில் கவனிக்கிறது. சாயல் ஒத்தவர்களுக்கு முறை வைத்துக் கொடுக்கிறது. 5-ஜியில் பெரும்பாலும் விநாடிக்கு 2,000 முறைகள்!

ஆன்டெனாக்களை ஒரே இடத்தில் குவிக்காமல் பல இடங்களில் நிறுத்துவதும் உண்டு. முன்னால் இருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரிபவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தால் தனித்தனியாகத் தெரிவார்கள் அல்லவா?

தாய் செய்ய வேண்டியது

எத்தனை முறை வைத்தாலும், கூட்டம் பெருகப் பெருகக் காத்திருக்கும் நேரமும் பெருகும். அந்த நேரத்தில் பேச்சை விடக் குறுஞ்செய்தி மேல். சின்னஞ்சிறு செய்திக்குச் சிறிது இடம் கிடைத்தாலே போதும்.

"குழந்தையைக் காணோம், வாசலுக்கு வாருங்கள்." இந்த நாலு வார்த்தை நெரிசலிலும் நுழைந்து போய்விடக் கூடும்!