பொன் தேடிய குழிகள்

பாலாற்றங்கரை ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்த காலத்திலேயே, வட ஆர்க்காட்டு மக்கள் பிழைப்புத் தேடி மேற்கே சென்ற வழி ஒன்றும் இருந்தது. ஆம்பூரிலிருந்து தொடர்வண்டியில் ஜோலார்பேட்டை, குப்பம் கடந்து பங்காரப்பேட்டையில் இறங்கினால், அங்கிருந்து மாரிக்குப்பத்துக்கு ஒரு கிளைப்பாதை பிரியும். அப்பாதையின் இருபுறமும் விரிந்து கிடப்பதே கோலார் தங்கவயல். நிலமற்ற, ஒடுக்கப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் அங்குக் குடியேறின. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் பிற்காலத்தில் அவ்வூரிலிருந்து வெளிவந்தது என்றால், அங்கு வேரூன்றிய தமிழ் வாழ்வின் ஆழம் விளங்கும்.

அம்மண்ணில் பொன் இருப்பதை ஆங்கிலேயர் கண்டுபிடித்ததாகச் சொல்வது முழு உண்மையன்று. 1802இல் எல்லை அளக்க வந்த வாரன் என்னும் படை அலுவலர் ஊர்மக்கள் சொல்லியே அதனை அறிந்தார். ஆண்கள் சிறு குழிகளில் இறங்கிக் கல்லைப் பெயர்த்துக் கூடைகளில் மேலே அனுப்ப, பெண்கள் அதனை இடித்துப் பொடியாக்கி நீரில் அலசினர். கல்மாவு நீரோடு செல்லும். எடைமிக்க பொன் அடியில் தங்கும். வாரனின் குறிப்பைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்த லாவெல் என்பவர் மாட்டுவண்டியில் கோலாருக்குச் சென்று ஆராய்ந்து, 1873இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை கோரினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. முதலில் பணம் கரைந்ததே தவிரப் பொன் கிடைக்கவில்லை. பழங்காலத்தார் தோண்டிக் கைவிட்ட குழிகளுக்கு அடியில் தோண்டிய பிறகே வளமான படிவு தென்பட்டது. பெயர் தெரியாத அந்த முன்னோரின் குழிகளே புதியவர்களுக்கு வரைபடமாயின.

பொன் எவ்வாறு அங்கு வந்தது? ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்திலிருந்து மேலெழுந்த வெந்நீர், கரும்பாறையின் வெடிப்புகளில் வெண்கல்லாகிய குவார்ட்ஸைப் படியவைத்தது. அதனோடு பொன்னும் படிந்தது. அந்த வெண்ணிற நரம்பைப் பின்தொடர்ந்தே சுரங்கம் கீழிறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியது. அங்குப் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைக் கடந்தது. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதைத் தொழிலாளர்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்றனர். வெண்கல்லைத் துளைக்கும்போது எழுந்த நுண்தூசியோ ஓசையின்றி நுரையீரலைத் தின்றது. 1965இல் அச்சுரங்கத்தின் ஆழத்து இருட்டில் அறிவியலாளர்கள் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தனர் என்பது வேறொரு கதை. அதனை இயற்பியல் பாடத்தோடு சேர்த்துப் படித்தால் சுவைக்கும்.

தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் 3 கிராம் அளவுக்குக் குறைந்தது. ஏறத்தாழ 800 டன் பொன்னைத் தந்தபின், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு இன்றும் குன்றுகளாக நிற்கிறது. ஊரார் அவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். காற்றடிக்கும் மாதங்களில் அத்தூள் வீடுகளுக்குள் புகும்.

கைவிட்ட சுரங்கத்தின் வாய் ஆர்வமுள்ளவரை ஈர்ப்பது இயல்பே. ஆயினும் அதனுள் இறங்குதல் கூடாது. காற்றோட்டம் நின்ற இடத்தில் உயிர்வளி குறைந்து கரியமிலவாயு தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் இறங்கியவர் மயங்கிவிழ, காப்பாற்றச் சென்றவரும் மாள்வது பாழுங்கிணறுகளில் நாம் கேள்விப்படும் செய்திதான். நீரில் ஊறிய மரத்தாங்கிகளும் நம்பத்தக்கவையல்ல.

கனிமம் தேட விரும்புவோருக்கு நம் வட்டாரத்திலேயே இடம் உண்டு. ஏலகிரி மலைக்குக் கீழே, திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரில் வெர்மிகுலைட் என்னும் கனிமம் கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்குச் சுரங்கம் நடத்தியுள்ளது. வெயிலில் பொன்போல் மின்னும் அந்தச் செதில்களைக் கண்டு ஏமாறாதவர் இலர். மைக்காவை நம் முன்னோர் ‘காக்காப்பொன்’ என்றனர். வெர்மிகுலைட் அதன் நெருங்கிய உறவு. மிகு வெப்பத்தில் இட்டால் செதில்களுக்கு இடையிலுள்ள நீர் ஆவியாகி, அது புழுபோல நெளிந்து பலமடங்கு உப்பும். ‘புழு’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே அதன் பெயருக்கு வேர். உப்பிய பொருள் வெப்பத்தடுப்புக்கும், நாற்றங்கால் மண்ணில் ஈரம் காக்கவும் பயன்படுகிறது.

மஞ்சளாக மின்னுவது எதுவென்று அறிய எளிய வழிகள் உள. சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொன் தகடாக விரியும்; இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் நொறுங்கும்; காக்காப்பொன் நகத்துக்கே ஏடுஏடாகப் பிரியும். மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரைத்தால் பொன் மஞ்சள் கோடும், பைரைட் பச்சை கலந்த கருங்கோடும் இடும். குளியலறைச் சுவரில் பதிக்கும் ஓட்டின் பின்புறமே இதற்குப் போதும்.