கறுத்துப்போகும் உணவுக் குழாய்

அபூர்வமான நோய். ஆனால் ஆபத்து குழாயில் மட்டும் இல்லை

வேறு ஏதோ நோய்க்காக மருத்துவமனையில் படுத்திருக்கும் முதியவர் திடீரென்று காப்பித்தூளைக் கரைத்தது போல வாந்தி எடுக்கிறார். மலம் தாராகக் கறுக்கிறது. அல்சர் என்றுதான் முதலில் சந்தேகம் விழும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் எப்போதாவது, எண்டோஸ்கோப்பியில் டாக்டர் காணும் காட்சி வேறு. இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய உணவுக் குழாயின் உட்சுவர் கரி பூசியது போலக் கறுத்திருக்கிறது. இரைப்பை தொடங்கும் இடத்தில் அந்தக் கறுப்பு கோடு கிழித்தாற்போல நின்றுவிடுகிறது.

உணவுக் குழாயின் உட்படலம் செத்துப்போவதால் வரும் நிறம் இது. 1990ல் எண்டோஸ்கோப்பி மூலம் இதை விவரித்து எழுதினார்கள். 2007ல் இதுபற்றி விரிவாக ஆராய்ந்து எழுதிய அமெரிக்க டாக்டர் குர்விட்ஸின் பெயராலும் இந்த நோய் அழைக்கப்படுகிறது.

காரணம் ஒன்றல்ல, மூன்று. முதலாவது, ரத்த ஓட்டக் குறைவு. உணவுக் குழாயின் கீழ்ப்பகுதிக்கு இயல்பிலேயே ரத்த வரத்து குறைவு. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை முதலில் காய்வது போல, ரத்த அழுத்தம் விழும்போது முதலில் அடிபடுவது இந்தப் பகுதிதான். இரண்டாவது, இரைப்பையிலிருந்து மேலேறும் அமிலம். மூன்றாவது, சத்துக் குறைவாலும் நீண்டநாள் நோயாலும் தளர்ந்துபோன உட்படலம். மூன்றும் சேரும்போது குழாய் கறுக்கிறது.

கடுமையான நோய்த்தொற்று, மாரடைப்பு, பெரிய ஆபரேஷன், மட்டுமீறிய குடி, புற்றுநோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது வரலாம். பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். சர்க்கரை நோயில் ரத்தம் அமிலத்தன்மை அடையும் 'கீட்டோஅசிடோசிஸ்' நிலையும் முக்கியமான காரணம். இன்சுலினைத் திடீரென நிறுத்துபவர்களுக்கு இந்த நிலை வரக்கூடும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023ல் மதிப்பிட்டது. இங்கே இந்த எச்சரிக்கை பொருத்தமானது.

இந்த நோய் கண்டவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் இறந்துவிடுகிறார். ஆனால் உணவுக் குழாய்ப் பாதிப்பே நேரடிக் காரணமாக இறப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 6 பேர்தான். மற்றவர்களின் உயிரைப் பறிப்பது அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த மூல நோய். கறுத்த குழாய், உடல் முழுவதும் நிலைகுலைந்திருப்பதன் அடையாளம்.

எனவே சிகிச்சையும் முழு மனிதனுக்கானது. நரம்பு வழியே திரவம் ஏற்றி ரத்த அழுத்தத்தை நிமிர்த்துகிறார்கள். தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றுகிறார்கள். அமிலத்தை அடக்கும் மருந்து ஊசி வழியே போகிறது. கூடவே மூல நோய்க்கும் மருத்துவம் நடக்கிறது. வாய்வழியாக எதுவும் கிடையாது. குழாய் ஓட்டையாகிவிட்டால் ஆபரேஷன் தேவைப்படும். தேறியவர்களில் சிலருக்குப் பின்னால் குழாய் சுருங்கி விழுங்கச் சிரமமாகும். அதை பலூனால் விரிக்க முடியும். ரத்த ஓட்டம் சீரடைந்தால் பலருக்குச் சில வாரங்களில் உட்படலம் புதிதாக வளர்ந்துவிடுகிறது.

படுக்கையருகே இருக்கும் உறவினர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாந்தியோ மலமோ கறுத்தால் உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எது காரணம் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அதுவரை பரிவோடு நீட்டும் ஒரு வாய்க் கஞ்சிகூட வேண்டாம்.