'வயசாச்சு' என்று விட்டுவிடலாமா?

சகோதரிகளே, மாதவிலக்கு நிற்கும் வயதைப் பற்றித் தோட்டத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. "வயசாச்சு, உடம்பு சூடு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுகிறோம். அதில் பாதி சரி. மறுபாதியில் ஆபத்து இருக்கிறது. வீட்டு ஆண்களும் இதைப் படிக்க வேண்டும்.

பெரும்பாலோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் சுரப்பது குறைந்துவிடும். மாதவிலக்கு முன்னே பின்னே வரும். சேர்ந்தாற்போல் 12 மாதம் வராவிட்டால் நின்றுவிட்டது என்று அர்த்தம். 40 வயதுக்கு முன்பே நின்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தவறித் தவறி வரும் மாதங்களில் "இனிமேல் பிள்ளை நிற்காது" என்று நம்பிவிடாதீர்கள், நிற்கும்!

திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை தீ ஏறின மாதிரி இருக்கும். சில நிமிடத்தில் வேர்த்துக் கொட்டி அடங்கும். ராத்திரியில் வந்தால் துணி நனைந்து தூக்கம் போச்சு. அப்புறம் விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போகிறவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? படபடப்பு, மூட்டு வலி, மறதி எல்லாம் கூட வரலாம். வீட்டுக்காரர் அதைக் கோபம் என்று எண்ணிப் பதிலுக்குக் கோபப்படக் கூடாது.

முகமூடியும் ஏப்ரனும் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிலக்கு நிற்கும் சூடு சில நிமிடத்தில் தானாகத் தணியும். நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தும் தலைவலி, தலைசுற்றல், வாந்தி விடவில்லை என்றால் அது வெயில் தாக்கியதாகவோ மருந்து உடம்பில் ஏறியதாகவோ இருக்கலாம். வேலையை நிறுத்திவிட்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

வெட்டுக் காட்டில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இந்த வயதில் சிறுநீர்ப் பாதையும் பெண்ணுறுப்பும் வறண்டு மெலிந்து போவதால் நீர்க்கடுப்பு சுலபமாக வரும். மறைவான கழிப்பிடம் கேட்பது இடக்குப் பேச்சு அல்ல, நியாயமான கேள்வி. தாம்பத்தியத்தில் வலி இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த இடத்தில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். ஒரு வருஷம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது மாதவிலக்கு திரும்பியது அல்ல. பெரும்பாலும் சிறு காரணம்தான். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது கர்ப்பப்பை புற்றுநோயாக இருக்கும். சீக்கிரம் பிடித்தால் குணப்படுத்தலாம். நிற்பதற்கு முன்பே கட்டி கட்டியாக, நாள் கணக்கில் போனாலும் காத்திருக்காதீர்கள். ரத்தம் குறைந்து மூச்சு வாங்கும்.

சூடும் வேர்வையும் தாங்க முடியாதவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை நன்றாக வேலை செய்யும். மாத்திரை, தோலில் ஒட்டும் பட்டை, ஜெல் என்று உண்டு. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தரக் கூடாது, புரோஜெஸ்டோஜனும் சேர வேண்டும். 2002-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளியானதும் மார்பகப் புற்றுநோய் பயத்தில் பலர் இதை நிறுத்தினார்கள். நீண்ட காலம் சாப்பிட்டால் அந்த ஆபத்து கொஞ்சம் கூடுவது உண்மை. ஆனால் 60 வயதுக்குள், நின்று 10 வருஷத்துக்குள் தொடங்கும் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், காலில் ரத்தக் கட்டி, ஈரல் நோய் வந்தவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் இருக்கின்றன.

எலும்பும் இப்போது வேகமாகத் தேயும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, தவ்வு எல்லாம் நல்லதே. சந்தையில் விற்கும் 'சர்வ வலி' டானிக்கை மட்டும் நம்பாதீர்கள். அப்படிப்பட்ட சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது மலேசியாவில் பிடிபட்டிருக்கிறது. அது எலும்பை இன்னும் கெடுக்கும். எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இல்லாததை வாங்காதீர்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். கடைசியாக எப்போது வந்தது, எத்தனை நாள் போனது என்று காலண்டரில் குறித்துக் கொண்டு போங்கள். சம்பளம் போய்விடும் என்று தள்ளிப் போடாதீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் வருஷத்துக்கு 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. 2 வருஷ சர்வீசுக்கு 18 நாள், 5 வருஷம் ஆனால் 22 நாள். விடுப்பு எடுத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.