அறிவிப்பாளரின் வாக்கும் நேயரின் சேமிப்பும்

தொலைக்காட்சி நிதிச் செய்தி அறிவிப்பாளரின் உயர்வுக்கு நேயரின் நம்பிக்கையே மூலதனமாகும். அமெரிக்காவின் சி.என்.பி.சி. அலைவரிசையில் 1993இல் இணைந்த மரியா பார்ட்டிரோமோ, 1995இல் நியூயோர்க் பங்குச் சந்தைத் தளத்திலிருந்தே நேரடியாகச் செய்தி வழங்கிப் புகழ்பெற்றார். முதலீட்டு நிதியமொன்றை நடத்திய ஜிம் கிரேமர், 2005இல் அதே அலைவரிசையில் தனி நிகழ்ச்சியை ஆரம்பித்தார்.

பியர் ஸ்டேர்ன்ஸ் நிறுவனத்திலிருந்து பணத்தை மீளப்பெற வேண்டுமா என 2008 மார்ச் 11ஆம் திகதி வினவிய நேயருக்கு, அந்நிறுவனம் நன்றாகவே உள்ளதெனக் கிரேமர் உறுதியளித்தார். அன்று 60 டொலருக்கு மேல் விலைபோன அதன் பங்கை, ஐந்து நாட்களில் 2 டொலருக்குக் கைமாற்ற உடன்பாடு காணப்பட்டது. பின்னர் அது 10 டொலராக்கப்பட்டது. வைப்புப் பணத்தைக் குறித்தே தாம் கூறியதாகக் கிரேமர் விளக்கமளித்தார். அவரது நிகழ்ச்சி தொடர்ந்தது. பங்குதாரர்களின் பணமோ மீளவில்லை.

கணிப்புத் தவறினாலும் அறிவிப்பாளரின் தொழில் நிலைக்கக்கூடும்; இழப்பு நேயரையே சாரும். எனவே, திரையில் கேட்கும் உறுதிமொழியை நம்பிச் சேமிப்பை முதலிடுவது ஆபத்தானது என்பதை நாம் உணர வேண்டும்.