தார் ஏறியது, தறி நனைந்தது!

ஏனாத்தூர்ப் பக்கத்தில் ஒரு தெரு. பெயர் வேண்டாம், அதற்கு உடன்பிறந்த தெருக்கள் தமிழகமெங்கும் உண்டு. புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். கறுப்புப் பட்டு விரித்தாற்போல் மின்னிற்று. கண்டோம், களித்தோம். அந்தக் களிப்பு, தெருவோரத்து நெசவாளர் வீட்டு வாசலை அடையும் வரையில்தான் நீடித்தது. ஏன் என்கிறீர்களா? அந்த வீட்டுக்குள் நாம் ஏறிச் செல்லவில்லை தோழர்களே, இறங்கிச் சென்றோம்!

"அந்தக் காலத்திலே மூணு படி ஏறி வரணுங்க இந்த வீட்டுக்கு" என்றார் வீட்டுப் பெரியவர்.

"படி எங்கே போயிற்று ஐயா?" என்றோம்.

"எங்கேயும் போகலீங்க. ரோட்டுக்கு அடியிலேதான் இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

காஞ்சிப் பட்டு எங்கே பிறக்கிறது? கண்ணாடிக் கடையிலா? குளிரூட்டிய மாளிகையிலா? இல்லை, தரையைத் தோண்டிய குழியிலே பிறக்கிறது! குழித்தறி என்பது அதன் பெயர். நெசவாளி தரையில் அமர்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மிதிக்கிறான். பாவு தரைக்குச் சற்று மேலே நீண்டு கிடக்கிறது. வீட்டிலே மிகத் தாழ்ந்த இடம் அந்தக் குழிதான். ஆகவே, வாசலைத் தாண்டிய மழைநீர் முதலில் தேடிச் செல்வதும் அதைத்தான். குழியில் நீர் ஊறினால் கால் வைப்பது எப்படி? ஈரம் ஏறிய இழை இழுத்த இழுப்புக்கு வருமா? சேலையை நெய்து கொடுத்தால் கூலி; நனைந்த நாளுக்குக் கூலி தருவார் யார்?

2015 நவம்பர், டிசம்பரில் கொட்டிய பெருமழையைக் காஞ்சி மாவட்டம் மறந்திராது. அப்படிப்பட்ட வெள்ளம் வந்தால் தெரு என்ன, ஊரே மூழ்கும். அதற்காகத் தாரின்மீது பழி போட மாட்டோம். நாம் பேசுவது ஒரு மணி நேரம் பெய்து ஓயும் சாதாரண மழையைப் பற்றி.

தெருவுக்கு மேல்தளம் போடும்போது அதன் கனம் 30 அல்லது 40 மில்லிமீட்டர். "ஒன்றரை அங்குலம்தானே, இதற்கா இத்தனை கூச்சல்?" என்று கேட்பார்கள். கணக்குப் போடுவோம். பழையதைச் சுரண்டாமல், அதன் தலைமீதே 40 மில்லிமீட்டர் வீதம் ஐந்து முறை போட்டால் 200 மில்லிமீட்டர். ஏறக்குறைய எட்டு அங்குலம். ஒரு படி போயிற்று!

வாய்ப்பழக்கத்தில் தார் என்கிறோம். நிலக்கரியிலிருந்து எடுத்த தார் பழைய கதை. இன்று சாலைக்கு வருவது பிட்டுமென், தமிழில் நிலக்கீல். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலையும் டீசலையும் மண்ணெண்ணெயையும் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கசடு அது. தார்ச்சாலை என்கிறோமே தவிர, அந்தக் கலவையில் நிலக்கீலின் பங்கு நூற்றுக்கு ஐந்து, ஆறுதான். மற்றதெல்லாம் கருங்கல் ஜல்லியும் தூளும். இரண்டையும் 150 டிகிரிக்கு மேல் காய்ச்சிக் கலந்து, விரித்து, சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் உருளை ஓட்டி அழுத்தியாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். ஆகவே சுரண்டி எடுத்த பழைய சாலை குப்பையல்ல! புதுக் கலவையோடு சேர்த்து மறுபடியும் சாலையாக்கலாம். சுரண்டாமல் போட்டாலோ, சாலைக்கும் நன்மையில்லை. அடியிலே கிடக்கும் பழைய வெடிப்பு, மேலே போட்ட புதுத் தளத்தையும் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வெடிப்பின் வழியே நீர் இறங்கும், கல்லைவிட்டுத் தார் கழலும், பள்ளம் விழும், மறுபடியும் ஒப்பந்தம். வீட்டுக்காரனுக்குக் கேடு, சாலைக்கும் கேடு. இலாபம் யாருக்கு என்று நாம் சொல்லவா வேண்டும்?

மொகஞ்சதாரோவில் பெருங்குளம் கட்டிய மக்கள், செங்கற் சுவருக்குள் நிலக்கீலைப் பூசி நீர் கசியாமல் காத்தார்கள். 4,000 ஆண்டுகளுக்கு முந்திய வித்தை அது! நீரைத் தடுக்க அவர்கள் கண்ட அதே பொருளைக் கொண்டு, நீரை வீட்டுக்குள் அனுப்பும் விந்தையை நாம் கண்டிருக்கிறோம்.

வழி தெரியாத நாடா இது? மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், வீசியெறிந்த பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் உருக்கிப் பூசி, நீர் புகாத சாலை போடலாம் என்று காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆணைக்கும் பஞ்சமில்லை. 2021 மே மாதத்தில், அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டிய பிறகே புதுத்தளம் போடவேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். எழுத்தில் இருக்கிறது. தெருவில் இருக்கிறதா?

இடையிலே ஒன்று. தார் போடும் தொழிலாளிமீது நமக்குக் கோபமில்லை. காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் கலவையின் ஆவியில் நிற்கிறவன் நம் தோழன். சாலைப் பணியில் நிலக்கீல் புகைக்கு ஆளாவது புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011-ல் வகைப்படுத்தியது. அவனுக்குக் காலணியும் கையுறையும் முகக்கவசமும் கேட்பதும் நம் வேலைதான்.

தோழர்களே! உங்கள் தெருவில் சாலைப் பணி தொடங்கும் நாளில், ஓர் அளவுகோலோடு போய் நில்லுங்கள். வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து, சுவரில் கரிக்கோடு போடுங்கள். பணி முடிந்தபின் மீண்டும் அளந்து பாருங்கள். சாலை மட்டம் கூடியிருந்தால், நால்வராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டும் கேட்டு வாங்குங்கள்.

நாம் விடைபெறும்போது பெரியவர் வாசல் வரை வந்தார். அங்கே குறுக்கே அரையடி உயரத்துக்குச் செங்கல் வரப்பு கட்டியிருந்தார். மழைநீரைத் தடுக்க அவர் செய்துகொண்ட ஏற்பாடு.

"அடுத்த தடவை தார் போட எப்போ வருவாங்கன்னு தெரிஞ்சா சொல்லுங்க தம்பி" என்றார். "அதுக்குள்ளே இன்னொரு வரிசை கல்லு வச்சுடறேன்."