பூட்டியிருந்த பள்ளிகள் செய்த வேலை

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 17 அன்று தமிழ்நாட்டுப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 31 வரை மட்டும் என்று முதலில் அறிவிக்கப்பட்ட விடுமுறை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் முடிந்தது. ஏறத்தாழ பத்தொன்பதரை மாதங்கள். உலகின் மிக நீண்ட பள்ளி மூடல்களில் இதுவும் ஒன்று.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என விரிந்த காவிரிப் படுகையில் அரசுப் பள்ளி பாடம் நடத்தும் இடம் மட்டுமல்ல. மதியச் சோறு, பாடநூல், சீருடை, சைக்கிள், தடுப்பூசி எல்லாம் குழந்தைகளுக்கு வந்து சேர்வது அங்கேதான். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது, கூரை இழந்த குடும்பங்கள் தங்கியதும் பள்ளிக் கட்டடங்களில்தான். தென்னையை இழந்த வீடுகள் முழுதாக எழுந்து நிற்பதற்குள் பெருந்தொற்று வந்துவிட்டது.

மாவட்ட அளவில் பள்ளிக் கல்வியின் பொறுப்பு முதன்மைக் கல்வி அலுவலருடையது. அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர்களும் ஒன்றியந்தோறும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் உண்டு. தஞ்சாவூர் மாவட்டத்தில் இத்தகைய ஒன்றியங்கள் 14. சத்துணவு மட்டும் சமூக நலத் துறையின் கையில் இருக்கிறது. அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே அதை நடத்துகிறார்கள். வகுப்பறை பூட்டப்பட்ட பிறகும் ஊரோடு தொடர்பு அறாமல் இருந்ததற்கு இந்த அமைப்பே காரணம்.

சோறு அரிசியானது

காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 முதல் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார் எம்.ஜி.ஆர். பள்ளி மூடப்பட்டதும் முதலில் எழுந்த கேள்வி இந்தச் சோற்றைப் பற்றியதே. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 18 அன்று தானாகவே இதைக் கையிலெடுத்து மாநிலங்களிடம் விளக்கம் கேட்டது. உணவு வழங்க முடியாத நாட்களுக்கு ஈடாகத் தானியமும் பணமும் தரவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2015ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் அது உலர் பொருளாக வந்தது. தொடக்க வகுப்புக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 100 கிராம், ஆறு முதல் எட்டாம் வகுப்புக் குழந்தைக்கு 150 கிராம் அரிசி என்பது திட்டத்தின் அளவு. அந்தக் கணக்கில் அரிசியும் அதனுடன் பருப்பும் எடைபோட்டுக் கொடுக்கப்பட்டன. சமைத்த உணவோடு கிடைத்துவந்த முட்டை பற்றிய கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போன பின், அதுவும் பட்டியலில் சேர்ந்தது. பெற்றோர் பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, இடைவெளி விட்டு நின்று வாங்கிச் சென்றார்கள்.

நெல் விளையும் மண்ணில் அரிசி கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத் தோன்றலாம். நிலமற்ற கூலிக் குடும்பத்தின் நிலை வேறு. ரேஷன் அரிசி இருப்பதால் அங்கே வயிறு ஓரளவு நிரம்பிவிடும். குறைவது பருப்பும் முட்டையும்தான். பள்ளி மூடலால் குழந்தை இழந்தது சோற்றைவிட அதோடு வந்த புரதத்தையே. வீட்டுக்குப் போன பொருள் குடும்பம் முழுமைக்கும் பங்காகும் என்பதால், பள்ளியில் பரிமாறும் உணவுக்கு அது முழு ஈடாகவும் ஆகாது.

வேறு நாடுகளும் இதே வழியில் போயின. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2020 ஏப்ரல் முதல் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் உணவுப் பொட்டலங்களை, மாணவர் என்ற வரம்பில்லாமல் கேட்டவர் எல்லோருக்கும் கொடுத்தன. இங்கே வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள குழந்தைக்கே பொருள் கிடைத்தது. மற்றவர்களுக்கு நியாயவிலைக் கடைதான் துணை.

திரையில் வந்த பாடம்

பாடத்தைக் கொண்டுசேர்ப்பது உணவைவிடக் கடினமாக இருந்தது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, 2020 ஜூலை முதல் வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் அரசு மடிக்கணினிகளில் பாடக் காணொளிகள் ஏற்றித் தரப்பட்டன. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டுப்பாடம் அனுப்பினார்கள்.

வீட்டில் இருந்ததோ பெரும்பாலும் ஒரே ஸ்மார்ட்போன். அது காலையில் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். இரவில் வந்தாலும் மூன்று பிள்ளைகளுக்கு அதைப் பங்கிடவேண்டும். தொலைக்காட்சி ஒருவழிப் பாதை. புரியாததை அதனிடம் கேட்க முடியாது. இதோடு வயல் வேலையும் சேர்ந்துகொண்டது. 2020இல் மேட்டூர் அணை பல ஆண்டுகளுக்குப் பின் வழக்கமான நாளான ஜூன் 12 அன்று திறக்கப்பட்டது. குறுவை நெல் சாகுபடி களைகட்டியது. நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் ஆள் தேவைப்பட்ட காலத்தில், பள்ளி இல்லாத பிள்ளையை வீட்டிலேயே இருந்து படிக்க வைப்பது கூலிக் குடும்பங்களுக்கு எளிதாக இல்லை.

தேர்வுகளும் நின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பலமுறை தள்ளிப்போய், 2020 ஜூன் 9 அன்று ரத்தானது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடும் வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடும் கொடுத்து அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் 2021 ஜூன் 5 அன்று கைவிடப்பட்டது.

திறந்ததும் மூடியதும்

பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்றும், ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகள் பிப்ரவரி 8 அன்றும் திறக்கப்பட்டன. மார்ச் மாதத்தில் தஞ்சாவூர் மாவட்டம் மாநிலத்தின் கவனத்துக்கு வந்தது. அம்மாபேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று உறுதியானது. மாவட்டத்தின் மற்றப் பள்ளிகளிலும் அடுத்தடுத்துத் தொற்று கண்டறியப்பட்டது. மாணவிகளிடம் தொடங்கிய பரிசோதனை அவர்களுடைய வீடுகளுக்கும் விரிந்தது. ஒன்பது முதல் பதினொன்று வரையிலான வகுப்புகள் மார்ச் 22 முதல் மாநிலம் முழுவதும் மீண்டும் நிறுத்தப்பட்டன.

அதன்பின் வந்த இரண்டாம் அலை பல வீடுகளில் பெற்றோரையே கொண்டுபோனது. தாய், தந்தை இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி, ஒருவரை இழந்த குழந்தையின் குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் என்று மாநில அரசு 2021 மே மாதம் அறிவித்தது.

ஊருக்குள் வந்த வகுப்பு

நீண்ட மூடலின் இழப்பை ஈடுகட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் தஞ்சாவூரும் நாகப்பட்டினமும் இருந்தன. மாலை 5 மணி முதல் 7 மணிக்குள், பள்ளி நேரத்துக்கு வெளியே, குழந்தைகள் வசிக்கும் தெருவிலேயே வகுப்பு நடந்தது. ஏறத்தாழ இருபது குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள்தான் இதில் பெருமளவில் சேர்ந்தார்கள். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டாலும் நாடகத்தாலும் திட்டத்தை விளக்கின. திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக் கூடம் எல்லாம் வகுப்பறை ஆயின.

இதன் பலன் அளக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைக் கொண்டு அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்த ஆய்வு, மூடல் காலத்துக் கற்றல் இழப்பு மிகப் பெரியது என்றும், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது என்றும் கண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. மீதிக் குறையைக் கருதி, ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்காக 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது.

2022 ஜனவரி 3 முதல் 15 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்குக் கொரோனா தடுப்பூசியும் பள்ளிகளிலேயே போடப்பட்டது. மருத்துவமனைக்குப் போகத் தயங்கும் வீடுகளில்கூடப் பள்ளி சொன்னால் அனுப்பிவைக்கும் பழக்கம் இருப்பது இதற்கு உதவியது.

இந்த இரண்டாண்டு அனுபவம் ஒன்றைத் தெளிவாக்குகிறது. மக்களை எட்டியவை பல பத்தாண்டுகளாக ஊருக்குள் வேரூன்றியிருந்த சத்துணவு அமைப்பும், ஆசிரியர் மீதுள்ள நம்பிக்கையும், தெருவிலேயே கிடைத்த படித்த பெண்களும்தான். அவசரத்தில் கொண்டுவந்த திரைகள் வசதியுள்ள வீட்டோடு நின்றுவிட்டன. அடுத்த பேரிடருக்கு ஆயத்தமாக நினைக்கும் எந்த மாவட்டமும் சத்துணவுப் பணியிடங்களைக் காலியாக விடாமல் நிரப்புவதையும், தன்னார்வலர் பட்டியலைக் கலைக்காமல் காப்பதையும் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.