கன்னத்து மச்சமும் காலடி மச்சமும்

மச்சத்தைக் கண்டு நாம் பயந்ததில்லை. எந்த இடத்தில் இருந்தால் என்ன யோகம் என்று சொல்ல மச்ச சாஸ்திரமே வைத்திருக்கிறோம். மலாய்க்காரர்களும் அதைத் ‘தாஹி லாலாட்’, ஈயின் எச்சம், என்று இலேசாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தோல் புற்றுநோய்ப் படங்கள் கைப்பேசிக்கு வரத் தொடங்கிய பிறகு அந்த நிம்மதி போய்விட்டது. படத்தைப் பார்த்தவர் கண்ணாடி முன் நின்று முகத்தைத் துழாவுகிறார். பினாங்குத் தமிழர்கள் முகத்தைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது உள்ளங்காலை என்பதே என் வாதம்.

அந்தப் படங்களோடு வரும் விதிகள் எங்கே பிறந்தன என்று பார்த்தால் காரணம் புரியும். மெலனோமா என்னும் கருமைப் புற்றை ஆரம்பத்திலேயே அடையாளம் காண, நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1985-ல் நான்கு குறிகளைச் சொன்னார்கள்: இரு பாதியும் ஒத்துவராத வடிவம், பிசிறடித்த ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலம். மாறிக்கொண்டே இருப்பது என்ற ஐந்தாவது குறி 2004-ல் சேர்ந்தது. வெளுத்த தோல்காரர்கள் மிகுந்த நாட்டுக்கு இவை நல்ல விதிகள். நம் வீட்டுப் பெரியவர்களின் முதுகில் மெழுகை உருக்கி ஒட்டியதுபோலத் தடித்து நிற்கும் செபோரிக் கெரட்டோசிஸ், இதில் மூன்று நான்கு குறிகளுக்காவது பொருந்திவிடும்; அதனால் ஒரு கெடுதலும் இல்லை. நடுவயதில் கன்னத்தில் மிளகைத் தூவியதுபோல வரும் கரும்புள்ளிகளும் அதே இனம்தான். கொழும்பில் பல ஆண்டுகள் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1925-லேயே அவற்றைத் தனியாக விவரித்தார். தமிழர் முகத்தில் சர்வசாதாரணமாக இருக்கும் இவற்றை மரு என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம்.

கரிய தோலில் மெலனோமா அரிதுதான். வரும்போது அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களையே தேடுகிறது. இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பு இல்லை. ஆகவே நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே இருக்கும் ஜார்ஜ் டவுனின் வெயிலுக்குக் குடை பிடித்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தண்ணீர்மலை ஏறும் சமூகம் நாம். காலில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் முள் குத்தியது, கால் ஆணி, ரத்தக்கட்டு என்று நமக்கு நாமே விளக்கம் சொல்லிக்கொள்கிறோம். பாடகர் பாப் மார்லியின் கால் நகத்தடியில் வந்த கருமையும் முதலில் பந்தாட்டக் காயமாகவே கருதப்பட்டது. 1977-ல் அது மெலனோமா என்று தெரிந்தது. 1981-ல், 36 வயதில், அவர் இறந்தார். ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போகும். போகாமல் நிற்கும் கறை, நாளுக்கு நாள் அகலமாகும் ஒற்றைக் கோடு, நகத்தைத் தாண்டித் தோலுக்கும் பரவும் கருமை: இவற்றை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

அப்படியானால் காலில் இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் பயப்படுவதா என்று கேட்கலாம். தேவையில்லை, காலடி மச்சங்களிலும் பெரும்பாலானவை சாதுவானவையே. டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் தோல் மருத்துவர் பாதரேகைகளைப் பார்ப்பார். நிறம் ரேகைகளுக்கு இடையிலான பள்ளங்களில் ஓடினால் பொதுவாக மச்சம். மேடுகளில் ஓடினால் சந்தேகம். இந்த வேறுபாட்டை விளக்கிச் சொன்னவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு புள்ளிகள் இங்கே பிரிந்துவிடுகின்றன.

மருத்துவர்களுக்கே தடுமாற்றம் உண்டே என்பது கனமான ஆட்சேபணை. அதை மறைக்கக் கூடாது. நோயியல் மருத்துவர் சோபி ஸ்பிட்ஸ் 1948-ல் குழந்தைகளின் மெலனோமா என்று விவரித்தது பெரும்பாலும் கெடுதலற்ற மச்சமே. இன்று அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அமெரிக்காவில் 187 நோயியல் மருத்துவர்களிடம் தோல் மாதிரிகளைக் கொடுத்து நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. தெளிவான மச்சங்களில் 92 விழுக்காடு தீர்ப்புகள் நிபுணர் குழுவோடு ஒத்துப்போயின. இடைப்பட்ட ஒரு வகையிலோ 25 விழுக்காடுதான். நுண்ணோக்கி இருந்தும் இவ்வளவு ஐயம் என்றால், நுண்ணோக்கியே இல்லாமல் அழகு நிலையத்தில் லேசரால் சுட்டும் களிம்பு தடவியும் மச்சத்தை எடுப்பதை எப்படி ஏற்பது? சுட்ட பிறகு சோதிக்க எதுவும் மிஞ்சாது. முகத்தில் கறுப்பாக வரும் பேசல் செல் என்னும் தோல் புற்று ஆசியத் தோலில் மச்சம்போலவே தெரியும் என்பதால், கன்னத்து மச்சத்தையும் அப்படிப் பொசுக்கிவிடக் கூடாது.

அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே கடிதம் வாங்கி, ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். மச்சத்தை வெட்டி எடுத்தால், துண்டு ஆய்வகத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள்; அறிக்கையைக் கையில் வாங்குங்கள்.